நேராக்கும் பெட்டி

முதலில் வாங்கியது
கட்டைவிரல் நீளத்தில் ஒரு குச்சி.
ஒரு முனை கணினிக்கு,
மறுமுனையில் மூன்று நிற வால்கள்.
அட்டைப்பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு
எங்கள் ஆற்றைத் தெரியாது.

பைசாந்து படகோட்டக் கழகம், முப்பத்தேழு நாடாக்கள்.
பொருளாளர் நான், ஓந்தினா.
எல்லாவற்றையும் படம் பிடித்தவர் எவரிஸ்தோ, என் கணவர்.
போய் எட்டு வருடம்.

குச்சி வழியே வந்த உருகுவாய் ஆறு
சாம்பலாக ஓடியது.
படகு சாம்பல், துடுப்பு சாம்பல்,
கரையில் நின்று கத்தும் என் சிவப்புச் சட்டையும் சாம்பல்.
"நாடா செத்துவிட்டது" என்றார் செயலாளர்.
சவப்பெட்டிக் கடைக்காரர் மகன்,
எதையும் சீக்கிரம் புதைத்துவிடுவார்.

தூண்டில் கடையின் பின்னறையில்
ரேடியோ பழுது பார்க்கும் வால்தெமார்தான் சிரித்தான்.
"வெளுத்ததெல்லாம் பால் என்று வாங்கிவிட்டீர்கள், தோன்யா.
இந்தக் குச்சிக்குத் தெரிந்தது ஐரோப்பாவின் பால்.
நம் நாட்டு ஒளிபரப்பு பால்-என்.
நிறம் உள்ளேதான் இருக்கிறது,
கேட்கத் தெரிந்த காது வேண்டும்."

ரொட்டி சுற்றிய தாளில் எழுதிக் கொடுத்தான்:
பால்-என் புரியும் அட்டை.
எஸ்-வீடியோ துளை உள்ள டெக்.
கோடுகளை நேராக்கும் பெட்டி,
அது டெக்குக்குள்ளேயே இருந்தால் உத்தமம்.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

ராத்திரி பஸ். ஞாயிறு காலை மொந்தேவிதேயோ,
த்ரிஸ்தான் நர்வாஹா சந்தை.
கோழிக்குஞ்சுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே மூன்று டெக்.
முதலாவது பளபளப்பு, ரிமோட்டோடு.
மூடியைத் தூக்கினால் கரப்பான் முட்டை.
இரண்டாவதில் ஆறு ஹெட் என்று எழுதியிருந்தது,
ஆறும் எதற்கு என்று விற்பவனுக்கே தெரியவில்லை.
மூன்றாவது, மூடிப்போன கல்யாண ஸ்டுடியோவினுடையது.
கன்றுக்குட்டி கனம், கன்றுக்குட்டி விலை.

கைப்பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தேன்.
எண்பத்தெட்டாம் வருடத் தணிக்கை அறிக்கை,
நானே வாசித்தது, ஒன்றேகால் மணி நேரம்.
மெஷின் மென்று துப்பினாலும்
யாரும் அழமாட்டார்கள்.
மெல்லவில்லை.
வாங்கினேன்.

திரையில் என் சட்டை சிவந்தது.
ஆறு, தேநீரில் பால் விட்ட அதன் பழைய நிறத்துக்கு வந்தது.
ஆனால் கொடிக்கம்பத்தின் உச்சி மட்டும்
காற்றில் நாணலாக வளைந்தது.
வால்தெமார் ஒரு பொத்தானை அழுத்தினான்.
கம்பம் நிமிர்ந்தது.
படம் மட்டும் இன்னும் நடுங்கியது.

"உன் பெட்டி வேலை செய்யவில்லை" என்றேன்.
அணைத்தான்: கம்பம் பாம்பு.
போட்டான்: கம்பம் கம்பம்.
ஆனாலும் கரை, படகு, கம்பம், வானம்
எல்லாம் ஒன்றாக,
சின்னதாக, வேகமாக.

"நாடாவின் கோளாறு என்றால்
கோடு கோடாகத் தனித்தனியே ஆடும், தோன்யா.
இது மொத்தமாக ஆடுகிறது."
அதற்குமேல் எதுவும் சொல்லாமல்
சாராயம் தொட்ட துணியால்
சுத்தமாக இருந்த ஹெட்டை மறுபடி துடைத்தான்.

மூலையில் தேதி: நவம்பர் 1991.
டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னது தொண்ணூற்றேழில்.
இடது ஒலித்தடத்தில், இரைச்சலே இல்லாமல், நான்:
"ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா?
காலையிலேயே குடித்தாயா?"
அவர் பதில் சொல்லவில்லை.
காமிரா ஒரு கணம் தரையைப் பார்த்தது,
பிறகு படகுகளைத் தேடிப் போனது.

நடுக்கத்தை எடுத்துவிட மென்பொருள் உண்டாம்,
ஒரே சொடுக்கு.
கழகத்துக் குறுந்தகட்டுக்குச் செய்யச் சொன்னேன்;
அவர்கள் பார்க்க வேண்டியது துடுப்புகளை.

எனக்கு வரிசை மாறிவிட்டது.
தொண்ணூற்றிரண்டுக்குப் போகவில்லை.
தொண்ணூறு முடிந்தது, எண்பத்தொன்பது ஓடுகிறது.
ஒவ்வொன்றிலும் கொடிக்கம்பம் வரும்வரை காத்திருந்து
திரையின் விளிம்போடு
ஒரு அடிக்கோலை வைத்துப் பார்க்கிறேன்.