போத்தல் உறை

பண்டாரவளையில் மூன்று வருஷம்
அவர் படிப்பிக்கப் போட்ட ஸ்வெற்றர்.
பருத்தித்துறைக்கு மாற்றம் கிடைத்த நாள்முதல்
அலுமாரியின் மேல்தட்டில்
வேலை போன ஆள்மாதிரிக்
கை இரண்டையும் மடித்துக்கொண்டு கிடந்தது.

கழுத்தில் தொடங்கினேன்.
ஒரு தையலை வெட்டி நுனியைக் கண்டுபிடித்ததும்
அது கதைக்கத் தொடங்கிவிட்டது.
தோள், நெஞ்சு,
கரும்பலகையில் உரசி உரசிச்
சோக்கு ஏறிய இடது முழங்கை,
எங்கேயோ தேயிலைப் பாதையில் முள் கிழித்து
வேறு நிறத்தில் பொத்திய ஒரு பொட்டு.
பின்நேரத்துக்குள் முழுதையும் சொல்லி முடித்து
மடியில் கருநீலக் குவியலாய் இருந்தது.

நூல் நேராக வரமாட்டன் என்றது.
நூடில்ஸ்போலச் சுருண்டு
பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தது.
நனைத்துக் கொடியில் போட்டு
தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தலை
நுனியில் கட்டித் தொங்கவிட்டேன்.
இரண்டு நாள் உப்புக் காற்று.
அப்போதும் முழுக்க நிமிரவில்லை.
சரி, போகட்டும்.
ஆர்தான் நிமிர்ந்தது.

ஊசி இல்லை என்றேன்.
சைக்கிளில் இரண்டு கம்பி கழற்றி
கிணற்றடிச் சீமெந்தில் நுனி தேய்த்துத் தந்தார்.
அன்றிலிருந்து பின்சில்லு கொஞ்சம் நெளிகிறது.
காலையில் தயாபரன் சேர்
ஆடி ஆடிப் பள்ளிக்கூடம் போவதை
கேற்றில் நின்று பார்ப்பேன்.
எண்ணிக்கை பிழைத்துப்போகும்.
திரும்ப முதலிலிருந்து, ஒன்று, இரண்டு,
நேர்க் கண்ணி, புறக் கண்ணி.

பிள்ளை பிறக்க முதல்
பிள்ளைக்கென்று ஒன்றும் செய்யக் கூடாது.
பெயர் பார்க்கக் கூடாது, ஏணை கட்டக் கூடாது.
போன முறை நாலாம் மாதமே
நெல்லியடியில் ஒரு மஞ்சள் தொப்பி வாங்கினேன்.
நூற்றெண்பது ரூபாய்.
அந்தக் கதை அவ்வளவுதான்.

ஆகவே இது போத்தல் உறை.
சுடுதண்ணிப் போத்தலுக்கு.
மச்சாள் கேட்டா, சொன்னேன்.
பக்கத்து வளவு ரஞ்சிதமலரக்கா
வேலிக்கு மேலால் கேட்டா, சொன்னேன்.
அவர் கேட்கவில்லை. அவருக்கும் சொன்னேன்.
“வடிவான போத்தல் போல” என்றார்
கொப்பியைத் திருத்திக்கொண்டே.

புதன்கிழமை மிட்வைஃப் வந்தா.
என்னைவிட மூன்று வயது குறைவு,
ஸ்கூட்டி முழுக்க மழைச் சேறு.
படுக்கச் சொல்லி, வயிற்றில் ரேப்பைப் பிடித்து
“முப்பத்திரண்டு” என்று காட்டில் எழுதினா.
“தலை திரும்பியிட்டுது. பயமில்லை.”
ரேப்பைச் சுருட்ட முதல்
ஒருக்கா தாங்கோ என்று வாங்கி
தலையணைக்குக் கீழ் இருந்ததை எடுத்து அளந்தேன்.
இருபத்துமூன்று.

அவ அதைத் தூக்கிப் பார்த்தா.
இரண்டு பக்கமும் விரலை விட்டுப் பார்த்தா.
“என்ன இது?”
“போத்தல் உறை.”
“போத்தலுக்கு என்னத்துக்கப்பா ரெண்டு கை?”

எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்புக்குப் பின்னால்
அடக்கி வைத்திருந்த மற்றதும் வந்தது.
அவ ஒன்றும் கேட்கவில்லை.
பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பா.
மெல்ல மடித்துத் தலையணைக்குக் கீழேயே வைத்து
“வாடைக்குப் போத்தலும் விறைக்கும்தானே” என்றா.
அடுத்த கிளினிக் திகதியைக்
கொட்டையெழுத்தில் எழுதிவிட்டுப் போனா.

இடது கையின் கடைசி மூன்று கண்ணியை
இன்னும் மூடவில்லை.
ஊக்கு ஒன்றில் கோத்து வைத்திருக்கிறேன்.
மூடாதவரைக்கும் அது உடுப்பில்லை.
இழுத்தால் ஒரே இழுவையில் திரும்ப நூல்.
இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை,
உனக்கும்.

இரவில் முனைப் பக்கமிருந்து
கடல் கத்திக் கேட்கிறது.
ஓட்டுக்குக் கீழால் வாடை நுழைகிறது.
விலாவுக்குள் ஒரு முழங்கை
மெதுவாக, பிறகு உரிமையோடு
நீட்டிப் பார்க்கிறது.
பொறு. அளவு சரியாகத்தான் இருக்கும்.

மந்திகைக்குப் போகப் பை கட்டியாயிற்று.
கிளினிக் காட், பழைய வேட்டித் துண்டு நாலு,
சவர்க்காரம், பிளாஸ்க்.
அடியில் போத்தல் உறை ஒன்று,
ஊக்கோடு.