தொழில் என்ற கட்டம்

நொவீனா, ஏழாம் மாடி, எம்ஆர்ஐ பிரிவு.
புதன்கிழமையின் முதல் பெயர்: அம்மார் திஸ்வானி,
எழுபத்தொன்று, கழுத்தெலும்பு.
அரபு தெரியாத எனக்கும் ஆங்கிலம் வராத அவருக்கும் நடுவில்
நாற்காலி நுனியில் நஸீம் என்ற இளைஞன்.

படிவத்தில் தொழில் என்ற கட்டம் காலி.
"முன்னாள் அமைச்சர்" என்றான் நஸீம்.
பெரியவர் கையை ஆட்டினார், வேண்டாமென்று.
வெளியே மழை. கண்ணாடியில் தாம்சன் சாலை கரைந்துகொண்டிருந்தது.

அந்தக் கட்டத்தில் பலரும் பலவும் எழுதிவிட்டார்களாம்.
துறைமுக அலுவலகத்தில்: தட்டச்சர்.
ஒரு துண்டறிக்கைக்குப் பிறகு, சிறைப் பதிவேட்டில்: இல்லை.
ஒன்பது ஆண்டுகள் இல்லை.
ஆட்சி கவிழ்ந்த வாரம் தோளில் தூக்கிப் போனவர்கள்
எதுவும் எழுதவில்லை, கத்தினார்கள்.
பிறகு உறுப்பினர். பிறகு உள்துறை.

"உடம்பில் உலோகம் ஏதாவது?"
கேட்டே ஆக வேண்டும். காந்தம் கட்சி பார்க்காது.
தொடையில் ஒரு ரவை இருந்தது என்றார்,
கூட அடைபட்டிருந்த மாட்டு வைத்தியர்
மத்தி மீன் டப்பாவின் மூடியால் எடுத்துவிட்டார்.
நம்பக் கூடாது என்பது விதி.
எக்ஸ்ரே எடுத்தோம். வைத்தியர் சுத்தமாகத்தான் எடுத்திருக்கிறார்.

படம் வரும்வரை அவராகவே பேசினார்.
பதவியேற்றதும் முதலில் அந்தச் சிறைக்குத்தான் போனேன்.
என் அறையை நானே திறந்தேன்.
தரையில் படுத்தவன் நான்,
கட்டில் போடச் சொன்னேன், நானூறு.
பிறகு கட்டில்கள்...

அந்த வினையில் நஸீம் நின்றுவிட்டான்.
மறுபடி கேட்டான்.
மறுபடியும் அதே சொல்தான் போலிருக்கிறது.
கட்டில்கள் நிரம்பின என்றான், ஆங்கிலத்தில்,
என்னைப் பார்க்காமல்.
நிரம்பின, நிரப்பினேன்.
என் தமிழில் ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும்,
ஆள் வந்துவிடுவான்.

ரப்பர் குமிழை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
முடியவில்லை என்றால் அழுத்துங்கள்,
உடனே வெளியே இழுத்துவிடுவேன்.
நஸீம் சொல்லி முடித்ததும் சிரித்தார்.
இப்படி ஒருவர் அவரிடம் சொன்னதில்லை போல.
அவரும் யாரிடமும்.

முப்பத்தைந்து நிமிடம்.
கதவை உதைப்பது போலத்தான் அந்த இயந்திரம் சத்தம் போடும்,
எல்லாருக்கும்.
கேமராவில் பாதங்கள் மட்டும்.
பெருவிரல்கள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.
இருபதாம் நிமிடத்தில் நானே ஒலிவாங்கியில் கேட்டேன், ஓகேயா?
உள்ளிருந்து ஒரு சொல் வந்தது, சட்டென்று,
வகுப்பில் பெயர் கூப்பிட்டது மாதிரி.
ஏதோ எண் என்றான் நஸீம்.

குமிழை அவர் அழுத்தவில்லை.
காரில் ஏற்றிவிட்டு நஸீம் குடைக்காகத் திரும்பி வந்தான்,
ஏதோ கேட்கப் போனான், கேட்கவில்லை.

காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது.
ஓய்வுபெற்றவர் என்று தட்டினேன்.
போய்விட்டது.
குமிழைத் துடைத்தேன், முழுக்க வியர்வை.
அடுத்தவர் தோ பாயோ, லாரி ஓட்டுநர், முழங்கால்.