புறங்கை

இது முதலில் யார் கையில் நடந்தது என்ற வழக்கு
எங்கள் மருந்துக் கவுண்டரில் தீர்ந்தபாடில்லை.

தன் சின்ன மாமா கண்டுபிடித்தது என்கிறார்
காந்தி ரோடு லாட்ஜில் மூன்று மாதமாய்ச்
சமைத்துச் சாப்பிடும் மால்டா நிர்மல் பாபு.
மனைவியின் ஸ்கேன் கவரிலிருந்து ரப்பரைக் கழற்றி
ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மாட்டி
மூடித் திறக்கிறார்.
மோதிர விரலில், சுண்டுவிரலில் இருக்கிறது ரப்பர்.

"இத்த நாங்க அஞ்சாங்கிளாஸ்லயே பண்ணிக்கீறோம்"
என்கிறான் குடியாத்தம் தௌலத்,
மாத்திரை எண்ணுவதை நிறுத்தாமல்.
ஏதோ புத்தகத்தில் வெள்ளைக்காரன் ஒருத்தன் பேரில்
படமே போட்டிருக்கிறதாம்.
படத்தில் கை மட்டும்தானாம், முகம் இல்லை.

நான் கை வார்டில் வேலை செய்கிறவள்.
எனக்கும் ஒரு கதை தெரியும்.
கேஸ் ஷீட்டில் உள்ளதை வெளியே பேசக்கூடாது;
ஆகவே பேரும் ரூட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

முனிரத்தினம், அணைக்கட்டு பஸ்ஸில் கண்டக்டர்.
ஊசூர் தாண்டி ஒரு திருப்பத்தில்
ஜன்னல் கண்ணாடி மணிக்கட்டில் இறங்கியது.
நரம்பைத் தைத்துவிட்டார்கள்.
நரம்பு அவசரப்படாது.
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்,
எல்லா ஸ்டாப்பிலும் நின்று நின்று வரும்.
அதுவரை கடைசி இரண்டு விரலும் கொக்கி.

பயிற்சிக்கு நான் கொடுத்த ரப்பர் அவருக்குப் பிடிக்கவில்லை.
டிக்கெட் கட்டில் சுற்றிய பழைய பச்சை ரப்பரை
வீட்டிலிருந்து கொண்டுவந்தார்.
பதினாறு வருஷமாய் அதை மாட்டுமிடம்
ஆள்காட்டியும் நடுவிரலும்தான்.
"நாலு விரல் நுனியும் உள்ளே விட்டு மூடுங்க, திறங்க"
என்றால், கழற்றச் சோம்பேறித்தனம்,
மாட்டிய இடத்திலிருந்தே இழுத்து
நாலையும் உள்ளே திணித்தார்.

மூன்றாம் மாதம்:
இரண்டு விரல் திறந்தது.
இறங்கவேண்டிய இடம் வந்தும் கூட்டத்தில் எழ முடியாதவர்போல
ரப்பர் மோதிர விரல் முட்டியில் நின்றுவிட்டது.
நான்காம் மாதமும் அங்கேயே.

ஏழாம் மாதம், மின்விசிறியும் நின்றுபோன
ஒரு வியாழக்கிழமை, டப்பென்று சத்தம்.
அவர் விரலைப் பார்க்கவில்லை.
ரப்பர் முன்பு இருந்த இடத்தையே பார்த்தார்.
"தோ பாரு மேடம்,
முன்சீட்டுல ஏறினவன் பின்சீட்டுல குந்திக்கினு கீறான்,
டிக்கெட்டும் வாங்கல."

விரல் நீட்டல் முழுமை என்று எழுதினேன்.
பக்கத்தில் இன்னும் இடமிருந்தது.

ஆனால் அது பயிற்சிதான், வித்தையாகவில்லை அப்போது.
நான் எதிரே உட்கார்ந்து
எப்போதும் உள்ளங்கையைப் பார்க்கிறவள்.
வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்
ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண், கட்டைவிரலில் கட்டு.
அவளுக்குக் காட்டப் போனவர், ஏனோ,
கையைத் திருப்பிக்கொண்டார்.
அவள் கண்டது புறங்கை.
"யம்மா" என்று எழுந்தே விட்டாள்.

உள்ளங்கை நெல்லிக்கனி என்கிறோம்.
ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் ஏது.

இதுதான் ஆதி என்று நான் சாதிக்கவில்லை.
ரப்பரும் சலிப்பும் உள்ள எந்த ஊரிலும்
யாரோ ஒருவர் கையைத் திருப்பியிருப்பார்.

நேற்று நிர்மல் பாபுவின் மனைவியைக்
காலை ஏழு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.
மூன்றாகியும் பேர் கூப்பிடவில்லை.
கவுண்டருக்கு வந்தார்.
யாரும் கேட்காமலே ரப்பரை மாட்டினார்.
மூடினார், திறந்தார்.
விரல் நடுங்கியது; ரப்பர் முட்டியில் நின்றது.
மறுபடி. மறுபடியும்.

தௌலத் மாத்திரைத் தட்டைக் கீழே வைத்தான்.
"உங்க மாமாதான் சார் கண்டுபுடிச்சிக்கீறாரு," என்றான்,
"நாங்க அப்புறம் பண்ணதுதான்."