பற்று வரவு

டீப் ரிவரில் பெப்ரவரி.
எட்டாம் கிணற்றின் மூடியைத் திறக்கவே
சூடு வேண்டியிருக்கிறது.
மார்லீன் தெபோ போத்தலைச் சரிக்கிறாள்,
குடிக்கக் கொண்டுவந்த தேநீர்.
மூடிக்கு மட்டும்தான், பதிவேட்டில் எழுதிவிடாதே என்கிறாள்.

எங்கள் காலடியில் ஒரு சுவர் நிற்கிறது,
நீரை மறிக்காத சுவர்.
அரிசிக் குறுணல் நிறத்தில், குறுணல் பருமனில்
சியோலைட் கல்.
மூன்று ஆள் ஆழம், இரண்டு பேருந்து நீளம்.
நீர் வரலாம், போகலாம்.
நீருக்குள் ஒளிந்து வருகிற ஸ்ட்ரொன்சியம் மட்டும்
இங்கே இறங்கிவிட வேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்னே
யாரோ மணற்குழியில் கவிழ்த்துவிட்டுப் போனது அது.
கவிழ்த்தவர் கெட்டவர் இல்லை.
அன்றைக்கு மணலே போதும் என்று நம்பினார்கள்.
மணலும் தன்னால் ஆனமட்டும்
பிடித்துத்தான் பார்த்தது.

கல் உறிஞ்சுவதில்லை.
வருகிற பார்வையாளருக்கெல்லாம் சொல்லி அலுத்துவிட்டேன்.
உறிஞ்சுவது பஞ்சு.
கல் பற்றும்.
ஒவ்வொரு குறுணலுக்குள்ளும் கண்ணுக்கெட்டாத ஒழுங்கைகள்,
ஒழுங்கை நெடுக உட்காரும் இடங்கள்.
முன்பே குடியிருக்கும் சோடியம்
இரண்டு பேர் எழுந்து போனால்
ஸ்ட்ரொன்சியம் ஒருவர் உட்காரலாம்.
கடைக்காரரின் கடன் கொப்பிபோல
ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு.

தொல்லை என்னவென்றால்
கால்சியத்துக்கும் அதே ஜாடை.
கல் சில நேரம் ஏமாறும்.
எலும்பும் ஏமாறும்.
எலும்பு ஏமாந்தால் லேசில் திருப்பித் தராது.

நேற்றிரவு ஆரூரனுக்குக் கீழ்ப்பல் விழுந்தது.
தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் படுத்தான்.
தேவதை எடுத்துக்கொண்டு இரண்டு டொலர் வைப்பாளாம்,
வகுப்பில் எல்லார் வீட்டிலும் அதுதான் விலை.
நள்ளிரவில் நான் மாற்றினேன்.
உள்ளங்கையில் ஒரு குறுணல் அளவு.
குறுணல் நிறம்.
விளக்கைப் போடாமல்
நெடுநேரம் நின்றேன்.

இன்று எண்கள் வந்தன.
சுவருக்கு முன்னே வழக்கம்போல்.
பின்னே, எட்டாம் கிணற்றில்,
மூன்று வருடமாகப் பூச்சியத்தின் பக்கத்தில் படுத்திருந்த கோடு
தலை தூக்கியிருக்கிறது.
கொஞ்சம்தான்.
சட்டம் அனுமதிக்கும் அளவில் நூற்றில் ஒரு பங்கும் இராது.
ஆனாலும் தூக்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரைத்தான்
பெரும் வெற்றிக்கும் வைத்திருக்கிறார்கள்.
பத்திரிகைத் தலைப்பில் அந்தச் சொல்லைக் கண்டால்
மார்லீன் சிரிப்பாள்.
எனக்குத் தெரிந்த சொல் உடைப்பு.
குளக்கட்டுக்குச் சொல்வது.
நள்ளிரவில் ஊரையே எழுப்புகிற சொல்.

யாரும் எழவில்லை.
மார்லீன் வெள்ளைப்பலகையில் எழுதினாள்:
எட்டு, மறுபடி எடு.
எடுத்தோம். அதே.

எண்ணும் கருவியின் மூடி திறந்திருந்தபோது
சட்டைப் பையில் அந்தப் பல் இருப்பது நினைவுக்கு வந்தது.
வைத்துப் பார்க்கலாமா?
மூடியைச் சாத்தினேன்.

பனி உருகியதும் கிழக்கு மூலையைத் தோண்டி
புதுக் கல் கொட்டவேண்டும்.
பழையது?
இரும்புப் பீப்பாய், கொங்கிரீட், இலக்கம், பூட்டு.
ஆற்றை நாங்கள் தொடலாம் என்று ஆக்கிய கல்லை
இனி யாரும் தொடமுடியாது.
போதும், விட்டுவிடு என்று அதற்குச் சொல்லவும் வழியில்லை,
விடாது என்றுதான் வாங்கினோம்.

இருபத்தொன்பது வருடத்தில் பாதி தீரும்.
அப்போது எனக்கு அறுபத்துமூன்று.
மிஞ்சியதில் பாதி தீர இன்னொரு இருபத்தொன்பது.
அதற்குமேல் கணினிதான் கணக்குப் போடும்,
நான் போடுவதில்லை.

வீடு திரும்பும் வழியெங்கும்
ஒட்டாவா ஆறு பனிக்கட்டிக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது.
ஆரூரன் வாசலிலேயே நாணயத்தைக் காட்டினான்.
பல்லையெல்லாம் தேவதை எங்கே வைப்பாள்?

எங்காவது பூட்டித்தான், என்றேன்,
பைக்குள் விட்ட கையை எடுக்காமல்.

எவ்வளவு நாளைக்கு, என்று கேட்டான்.