ரசீது

பூனை ஒன்று. ரூபாய் அறுபது.
பெற்றுக்கொண்டது மாடக்கண்ணு, கைநாட்டு.
கல்லூரிக் கணக்குப் புத்தகத்தில்
அவ்வளவுதான் இருக்கிறது.

பாளை மார்க்கெட்டில் மீன்கடைக்குப் பின்னால்
சாக்கு போட்டுப் பிடித்தாராம்.
மயக்க ஊசி ஏறியபின் மல்லாத்திக் கிடத்தினோம்.
அடிவயிற்று ரோமம் நனைந்திருந்தது.
தண்ணீர் என்றான் ஜெபசிங்.
விரலை முகர்ந்துவிட்டு
பால் என்று நான் சொல்லவில்லை.

ஐந்து பேர், ஆளுக்கு நான்கு முறை.
குரல்நாண் திறக்கும் நொடியில்
குழாயை இறக்க வேண்டும்.
பதினேழாவது முறை ரத்தம் கசிந்தது.
“பச்சப்பிள்ளைத் தொண்டையும் இம்புட்டுதான் இருக்கும்,
கையைப் பழக்கு” என்றார் சார்.

எத்தனை குட்டி, எந்தச் சாக்கடை ஓரம்
என்று மாடக்கண்ணுவிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்
பழக்கியிருப்பேன்.

நேற்று ராத்திரி இரண்டரை மணி, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி.
முக்கூடலிலிருந்து ஆம்புலன்ஸில் வந்த குறைமாதப் பிள்ளை,
பிறந்து மூன்று நாள்,
தொள்ளாயிரம் கிராம், நீலம்.
ஒரே முறை. இறங்கிவிட்டது.
என் விரல்களுக்கு அந்த வழி தெரிந்திருந்தது.

வராந்தாவில் தாய்க்காரி எழுந்து நின்றாள்.
“பால் குடுக்கலாமாம்மா?”
இப்போ வேண்டாம், பீய்ச்சி எடுத்து வை என்றேன்.
வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

இப்போதெல்லாம் ரப்பர் பொம்மைதான்.
எழுதி எழுதிக் கேட்டு வாங்கியவள் நான்.
காலையில் செண்பகவடிவு கேட்கிறாள்:
“பொம்மை இருமாதே மேடம்,
தப்பாப் போட்டா எப்படித் தெரியும்?”

இருமாது.
எடு. இன்னொரு தடவை போடு.