நாற்பத்தைந்து மில்லிகிராம்

குவோப்பியோவில் டிசம்பரில்
ஒன்பதரைக்கு மேல்தான் வெளிச்சம்,
இரண்டரைக்கு அதுவும் போய்விடும்.
எலிகளுக்கு அது தெரியாது.
அவற்றின் பகலை ஒரு சுவர்க் கடிகாரம் செய்கிறது,
இரவையும்.

துய்ரே இழையைச் செலுத்துகிறாள்.
நுனியில் சிலிக்கோன் பூசிய நைலான்,
கழுத்துத் தமனி வழியே மேலே, மேலே,
ஒரு சின்னத் தடை.
அறுபது நிமிடம்.
அந்த நேரத்தில் அவள் யாரோடும் பேசமாட்டாள்,
எலியின் உடல்சூட்டை மட்டும் உரக்கச் சொல்வாள்:
முப்பத்தேழு. முப்பத்தேழு. முப்பத்தேழு புள்ளி ஒன்று.
பிறகு உருவிவிடுகிறாள்.
இரத்தம் திரும்புகிறது,
வீடு எரிந்தபின் வந்து சேரும் தண்ணீர் வண்டியாக.

என் வேலை அதற்குப் பிறகு.
கண்ணாடிப் பெட்டியில் ஒரு பிளவு,
பிளவுக்கு அப்பால் ஒரு குழி,
குழியில் நாற்பத்தைந்து மில்லிகிராம் சர்க்கரை உருண்டை.
இருபதில் எத்தனை வாய்க்குள் போகின்றன என்று
எண்ணவேண்டும்.
இதற்குத்தான் சம்பளம்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாததைப்
பழமொழியாகத்தான் கேட்டிருப்பீர்கள்.
நான் அதை நொடிக்கு நூறு படமாகப் பார்த்தவள்.
முன்னங்கால் நீள்கிறது, விரல்கள் விரிகின்றன,
உருண்டையின் மேலேயே இருக்கின்றன,
மூடு என்ற சொல் மட்டும்
எங்கோ வழியில் நின்றுவிடுகிறது.
உருண்டை உருண்டோடுகிறது.
எலி வெறும் பாதத்தை வாய்க்குக் கொண்டுபோய்
நக்கிப் பார்க்கிறது.

ஏழாம் நாள் ஊசி.
பாதி எலிகளுக்கு ஸ்டெம் செல்கள்:
துர்க்குவில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்த
தோல் துணுக்கு.
அதைப் பின்னோக்கி நடத்தி,
எதுவாகவும் ஆகலாம் என்ற இடம்வரை கூட்டிப்போய்,
நரம்பாகும் பாதையில் பாதித் தூரம் அனுப்பியவை.
மீதி எலிகளுக்கு வெறும் உப்புநீர்.
எதற்கு எது என்பது
ஓஸ்கரியின் இழுப்பறையில், ஒட்டிய உறையில்.
எனக்குத் தெரியக் கூடாது.
தெரிந்தால் கண் பொய் சொல்லும்.

பதினேழை எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.
இரண்டாம் வாரம் மூன்று உருண்டை.
ஐந்தாம் வாரம் பதினொன்று.
பாதத்தில் ஒட்டிய காகித வில்லையை
முன்பெல்லாம் இரண்டு நிமிடம் கழிந்தும் கவனிக்காது,
அந்தக் கால் வேறு யாருடையதோ என்பதுபோல் இருக்கும்.
இப்போது ஒன்பதாம் நொடியில்
பல்லால் உரித்துத் துப்பியது.
விதியை மீறி வீட்டில் சொன்னேன்,
பதினேழுக்குள் யாரோ குடிவந்திருக்கிறார் என்று.
அந்தத் துர்க்குக்காரரை நினைத்துக்கொண்டேன்:
பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பார்,
தன் தோல் இங்கே சர்க்கரை பொறுக்கப் பழகுவதை
அறியாமல்.

எட்டாம் வாரம் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு,
தேறியதற்கும் தேறாததற்கும்.
வெய்க்கோ அதைச் செய்யும்போது
ரேடியோவை அணைத்துவிடுவார்.

பிறகு உறையைப் பிரித்தார்கள்.
பதினேழு: உப்புநீர்.
நுண்ணோக்கியில் நானும் குனிந்து தேடினேன்.
சாயம் பிடித்த ஒரு புள்ளிகூட இல்லை.
உள்ளே யாரும் வரவில்லை.
எலி மட்டுமே இருந்திருக்கிறது,
தானே, இருட்டில்,
எரிந்த இடத்தைச் சுற்றி வேறு வழி தேடிக்கொண்டு.

ஆறாம் எலியில் பச்சையாக ஒளிர்ந்தன அந்த அணுக்கள்,
புண்ணின் விளிம்பில் கூட்டமாக,
நீண்ட இழைகளை நீட்டி,
அவ்வளவு அழகு.
ஆறு, கடைசிவரை
ஒரு உருண்டையும் எடுக்கவில்லை.

சராசரி கொஞ்சம் மேலேதான் என்கிறார் ஓஸ்கரி.
கொஞ்சம்.
சொல்லிவிட முடியாத அளவு கொஞ்சம்.
இன்னும் பன்னிரண்டு எலி வேண்டும்.
துய்ரே புது இழைகளை வெட்டி அளக்கிறாள்.

என் இழுப்பறையில் ஒரு காகித வில்லை இருக்கிறது,
ஓரத்தில் இரண்டு பல்தடம்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
சர்க்கரை உருண்டை தீர்ந்துவிட்டது,
திங்களன்று ஐயாயிரம் வரவழைக்கவேண்டும்.