திங்கட்கிழமை பள்ளி உண்டு

திங்கட்கிழமை பள்ளி உண்டு என்று
சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார் உபதேசியார்.
மேலத்தெரு, பள்ளிவாசல் சந்து,
அடப்பாற்றங்கரையில் எஞ்சிய ஏழு வீடு.
எல்லா வாசலிலும் ஒரே கேள்வியாம்:
சோறு உண்டா சார்?

ஒன்றாம் வகுப்புக்கு ஓடு இல்லை.
இரண்டாம் வகுப்புக்குள் ஒரு தென்னை
குலையோடு படுத்திருக்கிறது.
அறுக்க வந்தவன் ஆயிரத்து இருநூறு கேட்டான்.
மிஷன் ஆபீசுக்கு எழுதியிருக்கிறோம்.
பதில் வரும்,
கடைமடைக்குத் தண்ணீர் வருவது போல.

மூன்றாம் வகுப்பு என்னுடையது.
இருபத்தாறு நாளாக அதில் பதினொரு குடும்பம்.
பத்து போய்விட்டன, தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு.
அஞ்சுகத்துக்குப் போக இடமில்லை.
வீடு இருந்த இடத்தில்
வாய்க்கால் புது வழி போட்டிருக்கிறது.
கைக்குழந்தை பிறந்தது இங்கேதான்,
புயல் கரையேறிய இரவு,
இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு.
சத்துணவு பௌசியா பீவி டார்ச்சைப் பிடிக்க,
பெரிய டீச்சர் சாந்தசீலி
தம் முப்பது வருட சர்வீசில்
விண்ணப்பப் படிவம் இல்லாமல் செய்த
ஒரே சேர்க்கை.

சனிக்கிழமை கரும்பலகையைத் துடைக்கப் போனேன்.
என் கையெழுத்தேதான்:
பெயர், தலை, அரிசி, பாய், மெழுகுவத்தி.
ஓரத்தில் யாரோ பிள்ளை வரைந்த ஹெலிகாப்டர்.
அது ஒருநாள் வந்தது. இறங்கவில்லை.
அஞ்சுகம் என்ற வரியில்
நான்கை அடித்து ஐந்து போட்டிருந்தது.
அந்த வரியைக் கடைசியாகத் துடைத்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில், மங்கலாய்,
புயலுக்கு முந்தைய வியாழனின் பாடம்:
கடன் வாங்கிக் கழித்தல்.

பதிவேட்டை ஏடு ஏடாகப் பிரித்துக் காய வைத்தோம்.
சிவப்பு மை ஓடி
வந்தவர் மேலும் வராதவர் மேலும்
ஒன்றுபோல் படிந்திருந்தது.

ஜெபத்துக்கு நோவா சொல்லட்டுமா என்றார் உபதேசியார்.
பெரிய டீச்சர் நிமிரவில்லை,
பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்.
"பேழை கிடைச்சவங்க கதை இப்ப வேண்டாம்.
ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்க."

மணி என்பது எங்களுக்கு ஒரு தண்டவாளத் துண்டு.
தொங்கிய வேம்பு இல்லை.
சகதியில் தோண்டி எடுத்து
உபதேசியார் கயிற்றில் தூக்கிப் பிடிக்க
ஐந்தாம் வகுப்பு தர்னீஷ் அடித்தான்.
மனிதன் கையில் தொங்கும் இரும்பு
அவ்வளவு சத்தம் போடாது என்று அன்றுதான் தெரிந்தது.

நூற்று நாற்பத்து மூன்றில் அறுபத்தொன்று பேர்.
சீருடை நான்கு.
சிமென்ட் கம்பெனி விளம்பரப் பனியன்
முழங்காலுக்குக் கீழே இறங்க ஒருவன்.
"முகுந்தன்?"
"திருப்பூர் போயிட்டாங்க டீச்சர்."
"ரிஸ்வானா?"
"உள்ளேன் டீச்சர்."
"அபிநேசன்?"
யாரும் பேசவில்லை.
அந்தப் பெயரைத் தாண்டப் பேனாவுக்கு நேரமானது.

அறையின் பின்பாதியில் ஒரு சேலையைக் கட்டியிருந்தோம்.
சேலைக்கு அந்தப் பக்கம் அஞ்சுகம்,
ஸ்டவ், இரண்டு பானை, ஒரு தூளி.
கல்வி அதிகாரி வந்தால்
அது விஞ்ஞான மூலை என்று சொல்வதாக ஏற்பாடு.

பலகையில் நானூற்று இரண்டு என்று எழுதினேன்.
முப்பத்தேழைக் கழிக்க வேண்டும்.
"ரெண்டுல ஏழு போகுமா?"
"போகாது."
"அப்ப என்ன செய்யணும்?"
"பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்."
"பக்கத்து வீட்ல என்ன இருக்கு?"
வகுப்பு பூஜ்யத்தைப் பார்த்தது.
வருஷா வருஷம் நடத்துகிற கணக்குதான்,
எனக்குத்தான் அடுத்த வார்த்தை வரவில்லை.
"அங்கயும் ஒண்ணுமில்ல டீச்சர்,"
என்றாள் ரிஸ்வானா, ஆறுதல் சொல்கிற குரலில்.
"அதுக்கு அடுத்த வீட்டுக்குப் போகணும்."

சேலைக்குப் பின்னால் குழந்தை அழத் தொடங்கியது.
பௌசியாவின் அடுப்பிலிருந்து சாம்பார் வாசம்.
பாதி வகுப்பு தட்டோடு எழுந்துவிட்டது,
விடை இன்னும் போடவில்லை.